மணி அடிக்கவில்லை என்று சொன்னேன்

ரங்கூன் பசுந்தாங்கில் ஒரே சந்தில் என்னோடு விளையாடிவிட்டுக் கப்பலேறிப் போனவர்களுக்கும், போகாமல் இங்கேயே நரைத்துப்போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் எழுபதாகிவிட்டது. கைபேசிக் குழுவில் காலை வணக்கமும் மூட்டுவலிக்குக் கைவைத்தியமும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இது கொஞ்சம் நீளமாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படியுங்கள். பாதியில் நிறுத்தினால் என்னைப் பற்றி நல்லவிதமாகவே நினைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். அது வேண்டாம்.

போன மாதம் தம்பி மகள் தன் மடிக்கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். செக் நாட்டுப் படம். எங்கெங்கோ விருது வாங்கியதாம். அவளுக்குத் தமிழைவிட பர்மியம்தான் ஓடும், ஆகவே கீழே வரும் எழுத்தைப் படித்துப் பாதி அதிலும் பாதி இதிலுமாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் விளையாட்டாகத் தங்கையை வெளியே விட்டுக் கதவைச் சாத்திய ஒரு அண்ணன். கிழவனான பிறகும் அந்தக் கதவை மறக்க முடியாமல் அல்லாடுகிறான். இதுதான் கதை. நடுவில் ஒரு இடத்தில் குழந்தையின் கை மட்டும் தெரிகிறது. கதவைத் தட்டுகிறது, தட்டுகிறது, ஆனால் தட்டும் சத்தம் நமக்குக் கேட்கவில்லை. பனிக்காற்று மட்டும்தான் கேட்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கணினி மட்டும் ஓடியது, அந்தக் கையும் தட்டிக்கொண்டே இருந்தது.

"நிறுத்து புள்ள" என்றேன்.

"நேகௌங் லா அத்தை? உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள்.

அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டாளே, அதுவும் சேர்ந்துகொண்டது. எனக்கும் ஓர் அத்தை இருந்தாள். உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும்.

அப்பாவின் தங்கை. புருஷன் செத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்து இருந்தவள். பசுந்தாங் பஜாரில் தட்டு வைத்து மசாலாச் சாமான் விற்றாள். அவள் மாடியேறி வருவதற்கு முன்னே சோம்பு வாசனை ஏறி வந்துவிடும். விரல் நகமெல்லாம் மஞ்சள். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது ஆளுக்கொரு பட்டைத் துண்டு கொடுப்பாள், வாயில் போட்டு மென்றுகொண்டே போவீர்கள். அவளுடைய மகளுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பத்து. ஒடிசலான பெண். குரல் அவளைவிட ஒடிசல். "தெருவுல நின்னு பொட்டப்புள்ள கத்தக்கூடாது" என்று அத்தை அடித்து வளர்த்திருந்தாள். அவளும் கத்த மாட்டாள்.

எங்கள் வீடு நாலாவது மாடி. அந்தக் கயிறு உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் ரங்கூனில் எந்தத் தெருவில் அண்ணாந்து பார்த்தாலும் மாடிக்கு மாடி தொங்குகிறது. கயிற்றின் மேல்நுனியில், பால்கனிக் கம்பியில் ஒரு மணி. கீழ்நுனியில் ஒரு இரும்புக் கிளிப். வருகிறவர்கள் தெருவில் நின்று கயிற்றை இழுப்பார்கள், மேலே மணி அடிக்கும். எட்டிப் பார்த்து ஆள் தெரிந்தால் கயிற்றை மேலே இழுத்து, சாவியைக் கிளிப்பில் மாட்டி இறக்குவோம். அவர்கள் மாடிப்படியின் கிராதிக் கதவைத் திறந்துகொண்டு ஏறி வருவார்கள். வீட்டில் இரண்டே சாவி. ஒன்று இன்சீன் ரயில்வே பட்டறைக்குப் போகும் அப்பாவின் மடியில் இருக்கும். இன்னொன்று வீட்டுச் சாவி. அதை இறக்குவதும் ஏற்றுவதும் என் வேலை.

பள்ளி விடுமுறை என்றால் அந்த வேலை ஒரு சாபக்கேடு. அம்மா ரவிக்கை தைப்பவள். அளவு கொடுக்க ஒருத்தி வருவாள், கொக்கி வைக்கவில்லை என்று சண்டை போட ஒருத்தி வருவாள். ரொட்டிக்காரர், கரிக்காரர், பக்கத்து வீட்டைத் தேடி வந்து தப்பாக இழுப்பவர். போதாக்குறைக்கு நீங்கள்! மத்தியான வெயிலில் வேறு வேலை இல்லாமல் கயிற்றை இழுத்துவிட்டு முக்குக்கு ஓடி ஒளிந்துகொள்வீர்கள். நான் எட்டிப் பார்த்தால் தெருவில் ஈ காக்காய் இருக்காது. உங்கள் மேல் பழி போடவில்லை. அந்த நாளில் என் புத்தி எப்படி ஓடியது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கென்று ஒரு தகர டப்பா இருந்தது. முக்கில் இருந்த சினிமாக் கொட்டகையில் அறுந்துபோன பிலிம் துண்டுகளைக் கூட்டித் தள்ளுவார்கள், நாம் பொறுக்கிவருவோம். நீங்கள் கோலிக்குண்டுக்கு மாற்றிக்கொள்வீர்கள், நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரே பெண் இருபது தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவாள். பழைய பிலிமுக்கு ஒரு புளிப்பு வாசனை உண்டு. அதை மோந்துகொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் அம்மா தம்பியையும் தூக்கிக்கொண்டு க்யிம்யிண்டைங்கில் ஒரு வளைகாப்புக்குப் போனாள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அத்தையும் மகளும் பஜாரில். வீட்டில் நான் மட்டும். "மணி அடிச்சா சாவிய எறக்கு, வேற ஒண்ணும் உனக்கு வேல இல்ல" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். காலையிலிருந்து பத்துத் தடவை எழுந்துவிட்டேன். பதினோராவது தடவை எட்டிப் பார்த்தபோது தெரு காலி. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் தையல் கூடையிலிருந்து சிவப்புச் சாட்டின் வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து, மணியின் நாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அத்தை மூன்று மணிக்குத்தான் வருவாள், அதற்குள் அவிழ்த்துவிடலாம் என்பது என் கணக்கு. சமர்த்துப் பிள்ளை என்று பெயரெடுத்தவள் அல்லவா, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பேன்.

உச்சிவெயில் சாய்ந்த நேரம். பின்பக்க ஜன்னலில் வெயில் போய்விட்டதால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்கனி வாசற்படிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். கயிறு அசைந்தது. மணி சும்மா தலையை ஆட்டியது, சத்தம் வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இழுங்கடா இழுங்க, எத்தனை தடவை இழுக்கிறீர்கள் பார்க்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். இரண்டு. மூன்று. நாலாவது தடவை பலமாக இழுத்ததில் பால்கனிக் கம்பியே அதிர்ந்தது. ஐந்து. ஆறு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏழு. ஏழாவது லேசாகத்தான் இருந்தது.

எழுந்து இரண்டடி வைத்து எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எதிர்வரிசைத் தகரப் பட்டறையில் வாளி தட்டும் சத்தம் தெருவையே அடைத்திருந்தது. கையில் இருந்த துண்டில் அந்தப் பெண் பாதி திரும்பியிருந்தாள்.

பட்டறைச் சத்தம் சட்டென்று நின்றபோதுதான் எழுந்தேன். கீழே கூட்டம். கீழ்வீட்டில் வெற்றிலைக்கடை வைத்திருந்த பர்மியம்மா, நாம் எல்லோரும் அடோ என்று கூப்பிடுவோமே, அவள் அத்தையைத் தூக்கி சைக்கா ரிக்‌ஷாவில் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். அத்தையின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவளுடைய மகள் இன்னும் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அத்தைக்கு நெஞ்சுவலி இருந்தது. வலி வந்தால் நாக்கடியில் வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். அந்தப் புட்டி எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பஜாரில் உடம்பு முடியாமல் போய், மாத்திரைக்காகத்தான் சீக்கிரமே வந்திருக்கிறாள். கிராதிக் கதவுப் படியில் உட்கார்ந்துகொண்டு, "மணிய அடிடி" என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் செய்ததை அறுபது வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. முதலில் மணியின் நாக்கிலிருந்த துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். அதை டப்பாவுக்குள் பிலிமுக்கு அடியில் திணித்து மூடினேன். அப்புறம்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அத்தை போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சொந்தக்காரர்கள் வீட்டில் நிறைந்திருந்தார்கள். மாத்திரைப் புட்டி சாமிப் படத்தருகே அப்படியே இருந்தது. ஒவ்வொருவராக அதைப் பார்த்தார்கள். அத்தை மகளுக்குப் பெரியம்மா முறையான ஒருத்திதான் ஆரம்பித்தாள். "மேல ஆளு இருந்திருக்கு, மாத்திர இருந்திருக்கு. இவ மணிய அடிச்சிருந்தா என் தங்கச்சி பொழச்சிருப்பாளே!"

"அடிச்சேன் பெரியம்மா" என்றாள் அத்தை மகள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதானம்மா வீட்டுல இருந்தே. மணி அடிச்சுச்சா?"

"அடிக்கலப்பா."

பொய் இல்லைதானே? மணி அடிக்கவே இல்லை. அந்தப் பத்து வயது மூளை இந்த இடுக்கைக் கண்டுபிடித்து உள்ளே புகுந்துகொண்டது.

அப்பா பட்டறையில் வேலை செய்தவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். எழுந்து கீழே போனார். நாங்கள் எல்லோரும் பால்கனியில் நின்றோம். அவர் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுத்தார். மணி கணீரென்று அடித்தது. அவ்வளவு நன்றாக அது என்றைக்குமே அடித்ததில்லை.

மேலே வந்து, "மணி நல்லாத்தான் இருக்கு" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மருமகளைத் திட்டக்கூட இல்லை. "கொழந்த பயந்து போயி நின்னுட்டா. அதுக்குப் போயி ஏன் பொய் சொல்றே தாயி? எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா." அப்பா நேர்மையான மனிதர். அந்த நேர்மையால்தான் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய கேடு வந்தது என்று இப்போது புரிகிறது. மணியைச் சோதித்த மனிதருக்கு என்னைச் சோதிக்கத் தோன்றவில்லை.

அடோ ஒருத்திதான் அவளுக்காகப் பேசினாள். அவளுக்குத் தெரிந்த அரைத் தமிழில், "புள்ள கயிறு புடிச்சி நின்னுச்சி, நான் பாத்தேன்" என்றாள். "புடிச்சிக்கிட்டு நின்னா ஆச்சா? இழுக்க வேணாமா?" என்று பெரியம்மா வாயை அடைத்துவிட்டாள்.

அத்தை மகள் என்னைப் பார்த்தாள். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சோறு போட்டால் சாப்பிட்டாள். தலைவாரக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்தாள். ராத்திரி என் பக்கத்துப் பாயில்தான் படுத்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை. தெருவில் நீங்கள் அவளுக்கு ஒரு பெயர் வைத்தீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள், அதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனமில்லை. கயிற்றைக் காட்டி, "இழு இழு" என்று கும்மாளம் போட்டீர்கள். நான் உங்களைத் தடுக்கவில்லை. ஒரு தடவை உங்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

ஒரு மாதம் ஆனதும் பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்: அகாலமாகச் செத்த அம்மா மகளைப் பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். வேப்பிலைக் கொத்தும் உடுக்கையுமாகப் பூசாரி வந்து உட்கார்ந்தார். அவள் திமிறாமல் இருக்க ஒரு கையை அம்மா பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையைப் பிடிக்கச் சொல்லி என்னை உட்கார வைத்தார்கள். "யார் நீ? சொல்லு! எதுக்கு இந்தப் புள்ளையப் புடிச்சே?" என்று கேட்டுக் கேட்டு வேப்பிலையால் அடித்தார். சாம்பிராணிப் புகையில் எனக்குக் கண் எரிந்தது. அவளுடைய கை என் கைக்குள் ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

அப்போது வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் மணி அடிச்சேன்."

"பாத்தீங்களா? உள்ள இருக்கிறது இன்னும் பொய் பேசுது" என்றார் பூசாரி. உடுக்கை வேகமெடுத்தது.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நான்தான் கட்டினேன் என்று ஒரு வாக்கியம். அடி விழுந்திருக்கும், இரண்டு நாள் சோறு கிடைத்திருக்காது, அதோடு போயிருக்கும். சொல்லவில்லை. கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் நம் ஜனங்கள் கும்பல் கும்பலாக இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுடைய சித்தப்பா குடும்பமும் புறப்பட்டது. "ஊர் மாறினா சரியாகும்" என்று அவளையும் அவர்களோடு அனுப்பிவிட்டார்கள். கப்பல்துறையில் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் போன மறுநாள் கயிற்றின் நுனியில் கிளிப்பைக் காணோம். உங்களில் யாரோதான் எடுத்திருக்க வேண்டும் என்று அப்பா சத்தம் போட்டார். யார் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

டப்பாவைப் பசுந்தாங் ஓடையில் எறிந்தேன். கனமாக இருக்கிறது, மூழ்கிவிடும் என்று நினைத்தேன். அது மிதந்தது. படகுகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு யார் வீட்டு மணி அடித்தாலும் நான்தான் முதலில் எழுந்து ஓடுவேன். பொறுப்பான பெண் என்று மெச்சினார்கள். அப்பா சாகும்வரை மெச்சினார்.

வேலைக்குப் போன பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டேன். அந்த மாத்திரை கிடைத்திருந்தால் அத்தை பிழைத்திருப்பாளா என்று. "சொல்ல முடியாது" என்றார். பிழைத்திருக்க மாட்டாள் என்று அவர் சொல்லுவார், நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் நியாயம்.

கரண்ட் வந்தது. தம்பி மகள் மீதிப் படத்தையும் போட்டாள். கடைசியில் அந்தக் கிழவன் தங்கை வீட்டுக்குப் போகிறான், கதவைத் தட்டுகிறான். கதவு திறந்ததா இல்லையா என்று காட்டவில்லை. "என்ன அத்தை இப்படி முடிச்சிட்டான்!" என்று அவள் சலித்துக்கொண்டாள். எனக்கு வேறு யோசனை ஓடியது. மறுநாள் உங்களில் ஒருவரிடம் அத்தை மகளின் நம்பர் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் மகனோடு இருக்கிறாள். படத்தோடு பேசும்படி போட்டுக்கொடுத்தாள் தம்பி மகள். திரையில் ஒரு கிழவி வந்தாள். அத்தையின் நெற்றி அப்படியே. நலம் விசாரித்தோம். கப்பலேறிப் போய் ஒரு வருஷத்துக்குள் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று அந்தக் காலத்திலேயே கடிதம் வந்தது, ஆனாலும் அவள் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சொன்னேன். துணி, முடிச்சு, டப்பா, எல்லாம். இடையில் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"அப்ப நான் இழுத்தேன்தானே?" என்றாள்.

"இழுத்தே."

"நெசமா?"

"நெசமா. நான் பாத்தேன், கயிறு ஆடுச்சு."

"எனக்கு அதுதான் தெரியாமப் போச்சு" என்றாள். "கோயில்ல அடிக்கிற வரைக்கும் தெரிஞ்சுது. அப்பறம் எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான் சும்மாதான் நின்னேன் போலன்னு நானே நம்பிட்டேன். கை வலிச்சது ஞாபகம் இருக்கும். இழுக்காம எப்படிக் கை வலிக்கும்னு யோசிப்பேன். எம் மகன்கிட்டகூட, நான் நின்னுட்டேன், அதனால எங்கம்மா செத்துட்டாங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"எத்தன தடவ இழுத்தேன்?"

"ஏழு."

"ஏழா?" விரலை மடக்கி மடக்கி அவளே ஒரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

கிளிப்பைப் பற்றிக் கேட்டேன். "எடுத்துட்டுத்தான் வந்தேன். எங்கயோ போச்சு" என்றாள்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்டேன். "அத அப்பறம் பாக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் பாக்கி வேலையைத் தள்ளிவைப்பதுபோலச் சொன்னாள். "மொதல்ல எல்லாருக்கும் சொல்லு. என்னப் பொய்க்காரின்னு சொன்னவங்க பாதிப் பேரு போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்காவது சொல்லு. வாயால சொன்னா மறந்துருவாங்க, எழுதிப் போடு."

எழுதிவிட்டேன். படித்தவர்கள் அவளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள், எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அன்றைக்கு மத்தியானம் அவள் தன் அம்மாவுக்காக ஏழு தடவை மணிக் கயிற்றை இழுத்தாள். மணியின் நாக்கைக் கட்டி வைத்திருந்தது நான்.